மாவடியாங்குளத்துக் கெண்டை

நேசையாவின் சுத்தம் தெருவுக்கே தெரிந்த சங்கதி. பேருந்தில் இருக்கையைக் கைக்குட்டையால் துடைக்காமல் உட்கார மாட்டார். ஆலயத்தில் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வரிசை தள்ளிப் போய்விடுவார். பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் சேர்ப்பார். கொரோனா காலத்தில் ஊரே அப்படிச் செய்தது, உண்மைதான். ஊர் நிறுத்திவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை காலையில், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, மாவடியாங்குளத்துக் கரையில் ஒரு டப்பா மண்புழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் மகள் டார்லினுக்காகத்தான்.

டார்லினுக்கு முப்பது முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். நல்ல பிள்ளை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள், அது ஒன்றுதான் குறை என்று அவளுடைய அம்மா சாரம்மாளே சொல்வாள். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் காபியோடு நின்றன. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், கேசரிகூடத் தின்பார்கள். சோற்றில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேச முடியாது. மாற்றிப் பேசுகிறவர்களைப் பற்றிப் பேசுவதற்கு ஊரில் ஆளா இல்லை?

மூன்றாவதாக வந்தது வள்ளியூர் இடம். பையன் எபி கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் பொறியாளர். அவனும் டார்லினும் போனில் பேசி, பிடித்துப்போய், சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். பையனுடைய அப்பா கிங்ஸ்லி வள்ளியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவரும் வந்தார், காபி குடித்தார், "பெறவு சொல்லுதோம்" என்று போனார். சாரம்மாள் மூன்று வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போன் வந்தது. வந்த விஷயம் மீன்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுப் பக்கத்துல மாவடியாங்கொளம்னு ஒண்ணு கிடக்காமே? கெண்டை மொழங்கை நீளத்துக்குக் கிடக்குன்னு ஒரு பய யூடியூப்ல போட்டிருக்கான். குத்தகைக்காரர்ட்ட பேசிட்டேன். சனிக்கெழம வாரேன், நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் தூண்டில் போடுவோம். அம்புடுத மீன உங்க வீட்லயே பொரிக்கச் சொல்லி, மத்தியானம் ஒரு வாய் சோறு சாப்பிட்டுட்டுப் போறேன்."

சோறு என்ற சொல் ஸ்பீக்கரில் விழுந்ததும் சாரம்மாள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் மூத்தவர் கிங்ஸ்லிதான். அவர் கை நனைத்தால் குடும்பமே நனைத்தமாதிரி.

நேசையா பையத் தப்பிக்க ஒரு வழி பார்த்தார். "எதுக்கு அண்ணாச்சி வெயில்ல? உவரியிலருந்து நல்ல சீலா மீன் மார்க்கெட்டுக்கு வருது. வாங்கி வச்சிருதேன்."

"கடல் மீனு எங்க வீட்ல தெனமும் கிடக்கு. கொளத்து மீனு, நம்ம கையால பிடிச்சது, அதான் ருசி."

போனை வைத்ததும் சாரம்மாள் சொன்னாள்: "உங்க சுத்தத்த அன்னைக்கு ஒரு நா பெட்டியில வச்சுப் பூட்டுங்க. மூஞ்சியச் சுளிச்சிய, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

மாவடியாங்குளம் நேசையா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். போனதும் தெரிந்தது, போகாமல் இருந்தது நல்லது என்று. பாதிக் குளம் ஆகாயத்தாமரை. மீதிப் பாதி பச்சை நிறத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. கரையில் புரோட்டாக் கடை இலைகள், பஞ்சு பிதுங்கிய தலையணை, யாரோ கழித்துப்போட்ட கட்டில் மெத்தை. கோழிக்கடை மூட்டை ஒன்று வெடித்து, இறகும் குடலுமாக ஈக்களுக்கு விருந்து வைத்திருந்தது. நேசையா மூச்சை வாயால் இழுத்தார். வாயால் இழுத்தால் நாற்றம் நாக்கில் படுகிறது என்று தெரிந்து மறுபடி மூக்குக்கே வந்தார்.

கிங்ஸ்லி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகக் காரிலிருந்து இறங்கி, திருவிழாவுக்கு வந்தவர்மாதிரி கைகளை விரித்தார். "என்ன அண்ணாச்சி, என்ன எடம்! பாத்தியளா?"

"பாத்தேன்," என்றார் நேசையா.

மடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழியாக வந்துகொண்டிருந்தது. கிங்ஸ்லி அங்கேயே உட்கார்ந்தார். "குமிழி போடுதா? கீழ கெண்டை சேத்தக் கிண்டி மேயுது. இங்கனதான் போடணும்." நேசையாவுக்கு அந்தக் குமிழி மீன் விட்டதாகத் தோன்றவில்லை. வேறு ஏதோ புளித்துப் பொங்குகிறது என்று பட்டது. கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்பை நான்காக மடித்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

கிங்ஸ்லி மண்புழு டப்பாவை ஒதுக்கிவிட்டு, கெண்டைக்கென்று கொண்டுவந்த இரையைத் திறந்தார். கடலைப் புண்ணாக்கு, மைதா, கறுத்து ஒழுகும் வாழைப்பழம். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, குளத்துத் தண்ணீரையே ஒரு கை அள்ளி விட்டுப் பிசைந்தார். விரல் இடுக்கில் மாவு பிதுங்கியது. பிசைந்து முடித்தவர் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நேசையா விரிப்பில் பின்னுக்கு நகர்ந்தார். "அண்ணாச்சி, அது கொளத்துத் தண்ணியில்லா?"

"இனிப்புப் போதுமான்னு பாக்கணும்லா. மீனுக்குப் போடுதத நாம தின்னு பாக்காண்டாமா?" என்றார் கிங்ஸ்லி. இன்னொரு துளி கிள்ளினார். "நீங்க பாக்கியளா?"

"காலையில நல்லா சாப்பிட்டாச்சு."

தூண்டிலில் மிதப்பாக மயிலிறகின் தண்டை வெட்டிக் கட்டியிருந்தார். நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ். அது பச்சை ஆடையைக் கிழித்துக்கொண்டு நட்டமாக நின்றது. அது அசைந்தால் பார்க்க வேண்டும், முங்கினால் இழுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார வேண்டும். இதற்குப் போய் மனிதர்கள் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறார்களே என்று நேசையா நினைத்தார். ஆனால் கிங்ஸ்லி உட்கார்ந்தபடியே நல்ல விஷயமெல்லாம் பேசினார். கல்யாணத்தை மே மாதம் வைக்கலாமா, டார்லினுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நேசையாவுக்கு நாற்றம் கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது.

திடீரென்று சிவப்பு நுனி முங்கியது. கிங்ஸ்லி கம்பைச் சுண்டினார். கம்பு வில்லாக வளைந்தது.

"வருது, வருது! கனமா இருக்கு! பெரிய ஆளு!"

வந்தது குழந்தைகளுக்குக் கட்டுகிற டயப்பர். தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு பூசணிக்காய் அளவுக்கு ஊதியிருந்தது. கரையில் வந்து விழுந்ததும் வெடித்து, உள்ளே இருந்தது ஜெல்லி ஜெல்லியாக நேசையாவின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி வழிந்தது. நேசையா எழுந்துவிட்டார். கிங்ஸ்லி சிரித்தபடி அதைக் கையால் பிடித்து, முள்ளைப் பைய விடுவித்து, கையை அரைக்கால் சட்டையில் இரண்டு தரம் துடைத்தார். பிறகு அதே கையை முறுக்குப் பாக்கெட்டுக்குள் விட்டு ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார்.

"எடுத்துக்கிடுங்க. வீட்ல எபி அம்மா சுட்டது."

வருங்காலச் சம்பந்தி கையால் கொடுக்கிறார். அதுவும் சம்பந்தியம்மாள் சுட்டது. வேண்டாம் என்றால் வள்ளியூர்வரை போகும். நேசையா முறுக்கை இரண்டு விரல் நுனியால் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். பக்கத்தில் யாராவது பார்த்திருந்தால் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் ஏறியபிறகு உண்மையான கெண்டை மாட்டியது. பார்க்க அழகான மீன்தான், பொய் சொல்லக் கூடாது. செம்பு நிறச் செதில், தடித்த உதடு, மூன்று கிலோவுக்குக் குறையாது. வயிறு மட்டும் பெரிய அதிகாரிக்கு இருக்கிறமாதிரி தொங்கியது. கிங்ஸ்லி ஆனந்தத்தில் நேசையாவைக் கட்டிப்பிடித்தார். மீனை அவர் கையில் திணித்துப் படம் எடுத்தார். மீன் வாலை அடித்ததில் வழவழவென்று ஏதோ நேசையாவின் கன்னத்தில் ஒட்டியது. படத்தில் அவர் அழுகிறமாதிரி இருக்கிறார். எபி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

எபியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று கிங்ஸ்லி போனோடு ரோட்டுப் பக்கம் போனார். கரைக்குக் கீழே சிக்னல் இல்லை. அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில், மடைக்கு அந்தப் பக்கத்துப் பாதையில் ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. வீடுகளில் செப்டிக் டேங்க் எடுக்கிற லாரி. மடைக்கு மேலே நின்றது. டிரைவர் இறங்கி, யானைத் துதிக்கை பருமனில் இருந்த குழாயைத் தண்ணீரைப் பார்த்து நீட்டி, எதையோ திருகினான்.

அது என்ன நிறம், என்ன சத்தம் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

டிரைவர் இந்தப் பக்கம் திரும்பினான். அவன் பெயர் அம்மையப்பன். முகம் மலர்ந்தது.

"சார்! நீங்களா? என்ன சார் இங்கன உக்காந்திருக்கிய?"

நேசையாவுக்கும் அவனைத் தெரிந்தது. வள்ளியூர்க்காரர்கள் முதல் தரம் வருவதற்கு முந்தின வாரம், வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டு மணக்கிறதே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இந்த லாரியைத்தான் வரவழைத்தார். வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடப் படியில் சிந்தக் கூடாது என்று அதட்டி வேலை வாங்கினார். எல்லாவற்றையும் சொன்னவர், எங்கே கொண்டுபோகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் யாரும் கேட்டது கிடையாது.

"வீட்ல இப்பம் அடைப்பு ஒண்ணும் இல்லையே சார்?" என்று அம்மையப்பன் விசாரித்தான்.

"இல்ல," என்றார் நேசையா. "எங்க வீட்ல எடுத்தத… எங்க கொண்டு போன?"

"வேற எங்க சார் போவ? இங்கனதான். இதே மடைதான்." பக்கத்தில் வாளிக்குள் புரண்டுகொண்டிருந்த கெண்டையை அவன் அப்போதுதான் பார்த்தான். "யம்மா, என்னா சைஸு! பயப்படாதிய சார், மீனுக்கு ஒண்ணும் ஆவாது. இதத் தின்னுதானே இப்பிடிக் கொழுக்கு."

லாரி போய்விட்டது. கிங்ஸ்லி திரும்பி வந்து மூக்கை உறிஞ்சினார். "என்ன அண்ணாச்சி, புதுசா ஒரு நாத்தம் அடிக்கு?"

இந்த இடத்தில் நேசையா சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த மீன் போகும். மீன் போனால் இன்றைக்குச் சோறு போகும். சோறு போனால் மறுபடி எப்போது வருவார், வருவாரா? தவிர, அண்ணாச்சி, நீங்கள் மாவு பிசைந்து ருசி பார்த்தது எங்கள் வீட்டுச் சமாசாரம் என்று ஒரு மனிதர் எந்த வாயால் சொல்வது?

"கோழிக்கடை மூட்டை," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கிங்ஸ்லியை முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, கையில் சர்பத்தைக் கொடுத்துவிட்டு, நேசையா அடுக்களைக்குள் நழுவினார். சாரம்மாள் அரிவாள்மணையில் கெண்டையின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். டார்லின் சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இருப்பது நேசையாவின் கண்ணில் படவில்லை. பட்டது மீனின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த கறுப்புக் குழம்புதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

சாரம்மாளின் கை அரை நிமிஷம் நின்றது. "அவியட்ட சொன்னியளா?"

"இல்ல."

"நல்ல காரியம். வாயத் தொறக்காதிய. மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணி கழுவி, எண்ணெயில மொறுமொறுன்னு பொரிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"சாரா, அது நம்ம வீட்டு…"

"நம்ம வீட்டுதுன்னு மீன்ல எழுதியா கிடக்கு? தெருவுல அத்தன வீட்டுதுந்தான் கிடக்கும்." அவள் குடலை வழித்துப் போட்டாள். "நீங்களும் பக்கத்துல உக்காந்து திங்கணும். சம்பந்தி தனியாவா சாப்பிடுவாவ?"

நேசையா கொல்லைக்குப் போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் மசாலா வாசம் வீட்டைத் தூக்கியது. கேடுகெட்ட விஷயம் என்னவென்றால், வாசம் நன்றாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

இலை போட்டாயிற்று. சோறு வந்தது. பயறு, அப்பளம், ரசம் எல்லாம் வந்தன. நடுவில் தட்டு நிறையப் பொரித்த கெண்டை, ஓரம் சிவந்து, கறிவேப்பிலை தூவி. கிங்ஸ்லி கையைத் தேய்த்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி."

அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் நேசையாதான். மனப்பாடம். கண்ணை மூடினார்.

"எங்கள் பரம பிதாவே, நீர் எங்களுக்குத் தந்த இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதித்து, எங்கள் சரீரத்துக்கு…" அங்கே நின்றுவிட்டது. பெலனாக்கும் என்று சொல்ல வேண்டும். "எங்கள் சரீரத்துக்கு…"

"அப்பா, ஆமென் சொல்லாதிய," என்றாள் டார்லின்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். சாரம்மாள் மட்டும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மாமா, இந்த மீன நீங்க சாப்பிடாதிய. அந்தக் கொளத்துல செப்டிக் டேங்க் லாரி கொட்டுது. எங்க வீட்டுதையும் அங்கனதான் கொட்டியிருக்கு. நீங்க போன் பேசப் போனப்பம் லாரி வந்திருக்கு, அப்பாவே பாத்தாவ." அவள் மீன் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். "இதுக்காவ நீங்க எந்திரிச்சுப் போனாலும் சரிதான். இத உங்களுக்கு வச்சுட்டு, உங்க வீட்ல வந்து நான் எப்பிடி இருப்பேன்?"

கிங்ஸ்லி தன்னுடைய கையைப் பார்த்தார். மாவு பிசைந்த கை, ருசி பார்த்த விரல். சட்டென்று எழுந்து கொல்லைக்குப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் வேறு சத்தமும் கேட்டது. நேசையா இலையைப் பார்த்தபடி இருந்தார். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

திரும்பி வந்து நின்ற கிங்ஸ்லி, நேசையாவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"லாரிய நீரு பாத்தீரா?"

காலையிலிருந்து 'நீங்க' என்றிருந்தவர் 'நீரு'க்கு இறங்கியது நேசையாவுக்குச் சுருக்கென்றது.

"பாத்தேன்."

"பாத்துட்டு, எங்கூட காருல ஏறி, மீன மடியில வச்சிட்டு வந்தீரு. வழி நெடுக மண்டபத்தப் பத்திப் பேசிட்டு வந்தீரு."

"அண்ணாச்சி, எம்பிள்ளைக்காவத்தான்…"

"எனக்கும் பிள்ள இருக்குல்லா, வே? அந்த மீன நெனைச்சாக் கொமட்டுது. உம்ம நெனைச்சா அதவிடக் கொமட்டுது." அவர் வாசல் பக்கம் பார்த்தார். காரைப் பார்த்தார். சாரம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். டார்லின் ரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கிங்ஸ்லி அந்தக் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இலைக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

"ரசம் எந்தத் தண்ணியில வச்சது?"

"கேன் தண்ணி மாமா."

"அப்பிடின்னா ஊத்து, தாயி. எம்பயலும் இவரு மாதிரிதான், கேட்டாத்தான் வாயத் தொறப்பான். வீட்ல ஒருத்தியாவது பேசணும்லா."

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, முதல் வாய் எடுத்தார். பிடித்துச் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. மருந்து விழுங்குகிறமாதிரி விழுங்கினார். ஆனால் விழுங்கினார். இலையை மூடும்வரை நேசையா பக்கம் திரும்பவில்லை. போகும்போது சாரம்மாளிடம், "மே மாசம் ரெண்டாவது வாரம் பாருங்கம்மா," என்றார். டார்லின் தலையில் கை வைத்தார். நேசையா கையை நீட்டினார். கிங்ஸ்லி தூண்டில் கம்புகளை அள்ளிக்கொண்டதால் அவருக்குக் கை ஒழியவில்லை.

கார் போனதும் சாரம்மாள் பொரித்த மீனை அப்படியே ஒரு பையில் கொட்டி நேசையாவிடம் கொடுத்தாள். "எங்கயாவது கொண்டு போயிப் போட்டுட்டு வாங்க. எங்கண்ணுல படக் கூடாது."

அவர் வாசல் கேட்டைத் திறந்ததுமே எதிர் வீட்டு சித்ரலேகா வந்துவிட்டாள். காலையிலிருந்து ஜன்னலிலேயே குடியிருந்தவள்.

"என்ன சார், சம்பந்தி கை நனைச்சாவளா?"

"நனைச்சாச்சு."

"ரொம்ப சந்தோசம் சார்! எத்தன நாள் வேண்டுதலு! பெரிய கெண்டை அம்புட்டுச்சாமே? வாசம் எங்க வீட்டுக்குள்ள வந்து கூப்பிடுது." அவள் கண் பையில் விழுந்தது. "அது மீனா? இம்புட்டும் எங்க கொண்டு போறிய?"

"இல்ல… அது… நாய்க்கு…"

"நாய்க்கா? நல்லா இருக்கே கத! பொரிச்ச மீன நாய்க்கா போடுவாவ? எங்க வீட்ல மூணு பேரு இருக்கோம், குடுங்க சார்."

அவள் கேட்டின் மேலாகக் கையை நீட்டிப் பையின் ஒரு காதைப் பிடித்துவிட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் விளக்கு வைப்பதற்குள் தெருக்கோடிவரை போய்விடும். நாளை ஆலயத்துக்கும் வரும். நேசையா மற்றொரு காதைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். உள்ளேயிருந்து டார்லின் வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது.

சத்தம் வாசலுக்கு வருவதற்குள் அவர் விட்டுவிட்டார்.

"இன்னும் சூடு ஆறல," என்றாள் சித்ரலேகா, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "சம்பந்தி நல்ல ராசிக்காரருதான் சார்."

நேசையா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.